முப்பதுக்கு இருபத்தேழு

ஹலோ... ஹலோ, மேடம், நான்தாங்க, மறுபடியும். கட்டாயிடுச்சு... ஆமா, ஆமா, இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி பேசிட்டிருந்த அதே ஆளுதான்... நான் வைக்கலைங்க, என் கன்னம் வச்சிடுச்சு. புது போன். போனுக்கு அறிவு ஜாஸ்தி, கன்னத்துக்குத்தான் பத்தலை... ஆமாங்க, ரிடயர்டு கணக்கு வாத்தியார். பேஷன்ட்டு நான் இல்லை, என் வீட்டுக்காரி. மறதி நோய்... ஃபைலை எடுத்துட்டீங்களா. ரொம்ப நன்றிங்க.

அதான் கேட்டுட்டிருந்தேன், வீட்டுக்கு ஒரு நர்ஸ் அனுப்ப முடியுமான்னு... ஆமா... குளிச்சு ஒம்பது நாளாச்சுங்க... நான் இல்லைங்க, அவ. நான் தினம் குளிக்கிறேன். அவ என்னைக் கிட்ட சேக்க மாட்டேங்கிறா. இடுப்புக்கு மேல, முதுகுப் பக்கம், ஏதோ புண்ணு மாதிரி இருக்கு. சட்டையில கறை பாத்தேன்... ரத்தமா, சீழான்னு எனக்கெங்க தெரியும். நான் கணக்கு வாத்தியார்... பாக்க விட்டாத்தானேங்க சொல்ல முடியும்.

கூட்டிட்டு வரவா... அதையும் பாத்தாச்சு மேடம். போன திங்கக்கிழமை கார் வரச் சொன்னேன். டிரைவர் வெளிய நின்னு ஹார்ன் அடிக்கிறாரு, இவ உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டா. நான் நடுவுல நின்னு அந்தப் பக்கம் ஒரு கும்பிடு, இந்தப் பக்கம் ஒரு கும்பிடு. கடைசியில அவரு பாத்தாரு, "சார், நீங்களாவது ஏறுங்க"ன்னாரு.

என்னது... லிஸ்ட்ல பேரு இல்லையா... ஏங்க... ம்... ம்... ஓ, மார்க்கு பாத்துதான் அனுப்புவீங்களா. பதினெட்டுக்குக் கீழ வாங்கினாத்தான் வீட்டுக்கு நர்ஸ்... சரி, அவ எவ்வளவு வாங்கியிருக்கா... இருபத்தேழு.

ஆமா. முப்பதுக்கு இருபத்தேழு... தெரியும் மேடம். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்.

இல்ல, இல்ல, கம்ப்யூட்டர் மேல தப்பில்லை. கம்ப்யூட்டர் குடுத்ததைச் சொல்லுது... என்ன போட்டிருக்கு? "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்"... அப்படியா எழுதியிருக்காரு. யாரு, டாக்டரம்மா லீவுல போனப்ப வந்திருந்த அந்தச் சின்ன டாக்டர்தானே... பாவம், நல்ல பிள்ளை... இல்ல, அவரு மேலயும் தப்பில்லை. யாரு மேலயும் தப்பில்லை. அந்த மார்க்குல ஒரு சின்ன... எப்படிச் சொல்றது... ஒரு சின்னச் சிக்கல் இருக்கு.

ஒரு நிமிஷம் மேடம்... ஏம்மா, ஏம்மா, அது ஃப்ரிட்ஜும்மா. அதுக்கு ஜுரமெல்லாம் வராது. கையை எடு, அது எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும்... இல்ல, அது பேஷன்ட்டு இல்லை... சரி, சரி, நான் வரலை. இங்கயே நிக்கிறேன். நீ பாரு... உங்களை இல்லீங்க மேடம், வீட்டுக்காரியைச் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் ஹெட் நர்ஸா இருந்தவ. காலையில பத்து மணி ஆனா ரவுண்ட்ஸ் கிளம்பிடுவா. ஃப்ரிட்ஜ், சோபா, வாஷிங் மிஷின், எல்லாருக்கும் நாடி பாப்பா. நேத்து வாஷிங் மிஷினுக்கு டிஸ்சார்ஜ் எழுதிக் குடுத்துட்டா. நான் ஒருத்தன்தான் இந்த வீட்ல அவ லிஸ்ட்ல இல்லாத ஆளு. உங்க லிஸ்ட்ல அவ இல்லை, அவ லிஸ்ட்ல நான் இல்லை.

ஆங், சிக்கல்... சொல்றேன். உங்ககிட்டச் சொன்னா வெளிய... இல்ல, வெளிய போகட்டும். போனாத்தான் வேலை நடக்கும். மேடம், அந்தப் பரீட்சையில காப்பியடிச்சிருக்கு... அவ அடிக்கலைங்க. அவளுக்கு அந்தப் புத்தியெல்லாம் என்னைக்கும் கிடையாது. நான் அடிக்க வச்சேன்.

ஹலோ... இருக்கீங்களா... ஆமா, ஞாபகப் பரீட்சையிலதான்... ஆமா, டாக்டர் வைக்கிற அதே பரீட்சையிலதான்... கேள்விப்பட்டதே இல்லையா. நானும் கேள்விப்பட்டதில்லைங்க, பண்ற வரைக்கும்... ஏன்னு கேக்கறீங்களா. அதை டாக்டரம்மாகிட்டச் சொல்றேனே. ரெண்டு தடவை சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை... இருக்காங்களா? ரூம்லதான் இருக்காங்களா... கொஞ்சம் குடுங்க மேடம், புண்ணியமாப் போகும்... இருக்கேன், இருக்கேன். எவ்வளவு நேரம் வேணா இருக்கேன்.

பாட்டுப் போட்டுட்டாங்க.

சரி, என்னன்னு ஆரம்பிக்கிறது... "டாக்டரம்மா, ஒரு தவறு நேர்ந்துவிட்டது." ம்க்கும். நேர்ந்துவிட்டதாம். ரோட்ல போறப்ப யாரோ இடிச்ச மாதிரி. "டாக்டரம்மா, எங்களிடம் ஒரு குறை"... எங்களாம். அவளையும் கூட்டுச் சேக்கிறான் பாரு. நான் பண்ணேன்னு சொல்லுடா. ரெண்டே வார்த்தை. நாப்பது வருஷம் பசங்களை நிக்க வச்சு "நான் பண்ணேன்னு சொல்லு"ன்னு கேட்டியே, இப்ப உனக்கு ஏன் வாய் வரலை...

என்னம்மா... என்ன வேணும்... நான் கேள்வி கேக்க வரலை. போன்தான் பேசறேன். பாரு, கையில பேப்பர் இல்லை, பேனா இல்லை... சரி, போயிட்டு வா. மெதுவாப் போ, தரை ஈரம்.

ஹலோ... டாக்டரம்மா... வணக்கம், வணக்கம்... ஆமா, நான்தான்... நல்லாருக்கேன்... இல்லை, நல்லா இல்லை. வாய்ப் பழக்கம்... ம்... ம்... அந்தம்மா சொல்லிட்டாங்களா. என்ன சொன்னாங்க... "ஒருத்தர் லைன்ல வந்து காப்பியடிச்சேன்னு சொல்றாரு, பயமா இருக்கு"ன்னாங்களா... நியாயம்தான்.

ஆமா டாக்டரம்மா. நான் பண்ணேன்... மொதல்லேர்ந்தே சொல்றேன். எட்டு மாசம் முன்னாடி முதல் தடவை நீங்கதானே பரீட்சை வச்சீங்க, பதினாலு வாங்கினா. நான் பின்னாடி சுவத்தோரமா நாற்காலியில உக்காந்திருந்தேன். என்ன வருஷம், என்ன மாசம், இது எத்தனாவது மாடி, நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிங்க, மூணு வார்த்தை சொல்றேன் ஞாபகம் வச்சுக்கோங்க, கடிகாரம் வரைங்க... மொத்தத்தையும் மனசுல எழுதிட்டு வந்துட்டேன். அவளுக்கு மறந்துச்சு, எனக்கு ஒண்ணுகூட மறக்கலை. அடுத்த தடவைக்கும் இதே கேள்விதான் வரும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. அதே மாதிரி வந்துச்சு... தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ஒரே கொஸ்டின் பேப்பரையே திருப்பித் திருப்பிக் குடுக்கறீங்க. நாங்கல்லாம் மூணு செட் தயார் பண்ணிப் பூட்டி வச்சு, எதைப் பிரிக்கிறதுன்னு அன்னைக்குக் காலையிலதான் முடிவு பண்ணுவோம்.

சிரிக்கிறீங்களா... பரவால்ல, சிரிங்க. இன்னும் இருக்கு.

ஆறு வாரம் டியூஷன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சீப்பு, ஏணி, குதிரை. ஆமா, உங்க மூணு வார்த்தைதான்... சீப்பு, ஏணி, குதிரை. பல்லு விளக்கும்போது, செருப்பு மாட்டும்போது, டீ குடிக்கும்போது. நூறுலேர்ந்து ஏழு கழிக்கிறது அவளால முடியலை. அப்ப என்ன பண்ணேன், வாய்ப்பாடு மாதிரி உருப்போட வச்சுட்டேன். தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சுல நிறுத்தணும்னு சொல்லிக் குடுக்க மறந்துட்டேன். அன்னைக்கு உங்க சின்ன டாக்டர் "போதும்மா, போதும்மா"ங்கிறாரு, இவ நிக்கவே இல்லை. இறக்கத்துல விட்ட சைக்கிள் மாதிரி ஓடி, ரெண்டுல போய்த்தான் நின்னா.

இன்னொண்ணு கேளுங்க. அவரு, "மூணு வார்த்தை சொல்றேன்"னு வாயைத் திறந்தாரு. அவரு சொல்றதுக்கு முன்னாடியே இவ, "சீப்பு, ஏணி, குதிரை"ன்னுட்டா. மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். அவரு என்னைப் பாத்து, "உங்க மனைவிக்கு நல்ல ஆர்வம் சார்"னாரு... ஆமா, தேதி. தேதி மட்டும் முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியாதே. லிஃப்ட்ல ஏறும்போது சூடாச் சொல்லிக் குடுத்தேன். எத்தனாவது மாடின்னும் அப்பவே சொல்லிட்டேன்.

நாப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவன் டாக்டரம்மா. பசங்க எனக்குக் கழுகுன்னு பேரு வச்சிருந்தாங்க. சட்டைக் காலர்ல ஒளிச்சு வச்ச பிட்டைக்கூட மூணாவது பெஞ்ச்லேர்ந்து கண்டுபிடிப்பேன். வேலியே பயிரை மேஞ்ச கதைன்னு சொல்வாங்களே, நான் பண்ணது அதைவிட மோசம். வேலி மேய்ஞ்சது மட்டும் இல்லை, பயிர் நல்லா விளைஞ்சிருக்குன்னு சர்ட்டிஃபிகேட்டும் வாங்கிட்டு வந்துடுச்சு. பதினாலு இருபத்தேழா ஆயிடுச்சு. இந்த வியாதி இறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எங்க வீட்ல மட்டும் இறங்கிடுச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் நடந்த நடையைப் பாக்கணுமே. ஏதோ நானே மருந்து கண்டுபிடிச்ச மாதிரி.

ஏன்னா... ஏன் பண்ணேன்னா...

ம்... இருக்கேன். லைன்ல இருக்கேன்.

முதல் தடவை நீங்க கேட்டீங்கள்ல, "இது என்ன மாசம்"னு. அவளுக்குத் தெரியலை. தெரியலைன்னதும் திரும்பி என்னைப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும் டாக்டரம்மா. பசங்க பாப்பாங்க. ஹால்ல, எல்லாரும் குனிஞ்சு எழுதிட்டிருக்கும்போது, ஒருத்தன் மட்டும் தலை தூக்கி என்னைப் பாப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான். சும்மா பாப்பான். நான் "பேப்பரைப் பாருடா"ம்பேன். ஒரு தடவைகூட இரங்கினதில்லை. அன்னைக்கு அவ பாத்தா, நான் பேசாம தலையைக் குனிஞ்சுட்டேன். அவ எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில அறுபது பெட்டையும் மனப்பாடமா வச்சிருந்தவ. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்குன்னு சீட்டு பாக்காம சொல்வா. அவளை ஒரு நாற்காலியில உக்கார வச்சு, மாசம் தெரியாம முழிக்க விட்டுட்டேன். வீட்டுக்கு வந்ததும் முடிவு பண்ணிட்டேன், இன்னொரு தடவை இவ அப்படி முழிக்கக் கூடாதுன்னு. அவளுக்காகன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சா எனக்காகத்தான் போல இருக்கு. வாத்தியார் வீட்ல ஃபெயிலாகக் கூடாது பாருங்க.

இல்ல... இல்ல டாக்டரம்மா, நல்ல மனசெல்லாம் இல்லை. அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. இன்னும் முடியலை.

ம்... குளிக்க ஏன் விட மாட்டேங்கிறான்னு கேக்கறீங்க. அதுதான். அதைத்தான் சொல்ல வர்றேன்... ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

பரீட்சை முடிஞ்சதும் நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. படிச்சது மறந்துடக் கூடாதே, அடுத்த தடவை வேணுமேன்னு ரிவிஷன் ஆரம்பிச்சேன். ஆமா, ரிவிஷன். அவளைத் தினம் நான்தான் குளிப்பாட்டுவேன், ஸ்டூல்ல உக்கார வச்சு. கை வேலையில இருக்கு, வாய் சும்மாதானே இருக்குன்னு, தண்ணி ஊத்திக்கிட்டே கேள்வி கேப்பேன். ஒரு சொம்பு தண்ணி, ஒரு கேள்வி. சொம்பு, கேள்வி. என்ன வருஷம். சொம்பு. என்ன கிழமை. சொம்பு. பதில் சொன்னாத்தான் சோப்பு... ஆமா. பதில் சொல்றவரைக்கும் நுரையோட உக்கார வச்சிருந்தேன் ஒரு நாள். கண்ணுல சோப்பு போய் எரியுதுன்னா. "ஏணிக்கு அடுத்து என்ன, சொல்லு, கழுவி விடறேன்"னேன்.

நான்தான் பண்ணேன் டாக்டரம்மா. புருஷன்தான். வேற யாரோ இல்லை.

அன்னைக்குத்தான் என்னைத் தள்ளி விட்டுட்டு ஓடினா. ஈரத்தோட. ஒம்பது நாளாச்சு. அதுலேர்ந்து என்னை யாருன்னு அவளுக்குத் தெரியலை. இல்ல, தெரியுது. கேள்விக்காரர்ங்கிறா. "கேள்விக்காரர் வர்றாரு"ன்னு ஃப்ரிட்ஜ்கிட்டச் சொல்லி வைக்கிறா. பாத்ரூம் பக்கம் நான் திரும்பினாலே சுவத்தோட ஒட்டிக்கிறா. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன். எங்கிட்ட மட்டும்தான் பயம். வீடு கூட்ட வர்ற பொம்பளை, மருந்துக் கடைக்காரர், எதிர் வீட்டுக்காரங்க, யாருகிட்டயும் பயமில்லை.

இல்ல... அழலை... ஜலதோஷம்... சரி, அழறேன். கொஞ்சம்.

ம்... ம்... சரி... நாளைக்கு ஒம்பது மணிக்கா? நர்ஸா? லிஸ்ட்ல இல்லாட்டியும்... மார்க்கை அடிச்சுடறீங்களா. அடிச்சுடுங்க டாக்டரம்மா. சிவப்பு மையிலேயே அடிங்க. இருபத்தேழு வேணாம், எனக்கு அந்த நர்ஸ் போதும்... ஆமா. மறு பரீட்சை வேணாம்... இனிமே வைக்கவே மாட்டீங்களா. அப்படியா. நல்லது. ரொம்ப நல்லது.

எனக்கா... சாப்பிடறேன். நின்னுக்கிட்டேதான்... ரொட்டி... இல்ல, நேத்துதான் கடைசியா... சரி, சரி, இன்னைக்கு உக்காந்து சாப்பிடறேன். நீங்களும் கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டீங்க.

புண்ணா... எவ்வளவு பெருசுன்னு தெரியலை டாக்டரம்மா. ஜுரம் இருக்கான்னும் தெரியலை. தொட விட்டாத்தானே... இப்பவே பாக்கணுமா... இப்பவேவா... எப்படிப் பாக்கறது... அவ எங்க? ஹால்ல. சோபாவுக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சது, இப்ப நிலைக் கண்ணாடிக்கு நாக்கை நீட்டச் சொல்லிட்டிருக்கா. அதுல தெரியற பொம்பளை நாக்கை நீட்டுதுன்னு அவளுக்கு ரொம்ப சந்தோஷம்... ஆமா, தினம்தான். நான்தான் சொல்லிட்டே இருக்கேன், இது ஆஸ்பத்திரி இல்லம்மா, இது வீடும்மா, நீ ரிடயராகிப் பத்து வருஷம் ஆச்சும்மான்னு...

சொல்லக் கூடாதா... ஒரு தடவைகூடவா... தப்பாச் சொன்னாத் திருத்தணும்ல... ம்... ம்... இல்ல, புரியுது. நாப்பது வருஷப் பழக்கம் டாக்டரம்மா. தப்பு கண்ணுல பட்டா கை தானா சிவப்புப் பேனாவைத் தேடும்.

யாரு... நானா... பேஷன்ட்டாவா?

டாக்டரம்மா, அதெல்லாம் எனக்கு வராது. பள்ளிக்கூட நாடகத்துல எனக்கு மரம் வேஷம் குடுத்தாங்க. மரமா நிக்கணும், அவ்வளவுதான். அதுலயே கொசு கடிச்சுதுன்னு அசைஞ்சு மானத்தை வாங்கிட்டேன்... அது பொய்யில்லையா... சரிதான். இருபத்தேழு வாங்கிக் குடுத்தவன் பொய்யைப் பத்திப் பேசக்கூடாது... என்ன சொல்லணும்... ஒண்ணும் கேக்கக் கூடாது. சரி. கேள்வியே கூடாது. அவ கேட்டா பதில் மட்டும். சரி. பேஷன்ட்டு மாதிரியே பதில் சொல்லணும்... இருப்பீங்களா, லைன்ல? போகாதீங்க. கட்டில்ல போய் உக்காந்துக்கறேன்... உக்காந்தாச்சு... படுக்கணுமா... படுத்துட்டேன். போனைக் காதுலயே வச்சுக்கறேன். தலையணைப் பக்கம். கன்னம் படாம.

கூப்பிடறேன்.

சிஸ்டர்... சிஸ்டர்...

காதுல விழலை போல. இல்ல, திரும்பிப் பாத்தா... கதவுகிட்ட வந்து நின்னுட்டா. வரலை... நான் ஒண்ணும் பேசலை டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரிதான்... சும்மா படுத்திருக்கேன்.

சிஸ்டர்... உடம்புக்கு முடியலை சிஸ்டர்.

...ஆமா சிஸ்டர். ரொம்ப நாளா... இல்ல, நான் அந்த ஆளு இல்லை சிஸ்டர். அவரு போயிட்டாரு... போயிட்டாரு சிஸ்டர், இனிமே வர மாட்டாரு... ஒம்பது நாளாச்சு... ஆமா, குளிக்கலை. யாரும் குளிப்பாட்டலை... நாத்தம்தான் சிஸ்டர், எனக்கே தெரியுது. மன்னிச்சுக்கோங்க.

வர்றா டாக்டரம்மா. கிட்ட வர்றா... போர்வையை இழுத்து நேராக்கறா... கையை... என் கையை எடுத்துட்டா. மணிக்கட்டைப் புடிச்சிருக்கா. சுவத்துக் கடிகாரத்தைப் பாத்து எண்ணிட்டிருக்கா.

எவ்வளவு சிஸ்டர்... எண்பத்தாறா. சரி சிஸ்டர்... சரியான்னு எனக்குத் தெரியலை டாக்டரம்மா, நான் கூட எண்ணலை. அவ சொன்னது எண்பத்தாறு, எண்பத்தாறுதான்... கை சூடில்லை. சாதாரணமாத்தான் இருக்கு. அவ கை. ஜுரமில்லைன்னுதான் தோணுது.

...வீட்லயா சிஸ்டர்? இருக்காங்க. மனைவி இருக்காங்க... பாத்துக்குவாங்க சிஸ்டர். ரொம்ப நல்லாப் பாத்துக்குவாங்க. எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப இருபது நாள் கண்ணு மூடலை அவங்க... இல்ல, இப்ப வரலை... கொஞ்சம் முடியலை அவங்களுக்கு... திட்டாதீங்க சிஸ்டர், அவங்க மேல தப்பில்லை. தப்பு எம்மேல. நான்தான் சரியா நடந்துக்கலை... ஆமா சிஸ்டர். போய்ச் சொல்றேன். மன்னிப்பும் கேக்கறேன்.

எழுந்திரிக்கிறேன், எழுந்திரிக்கிறேன்... தோள்ல கை போட்டுக்கச் சொல்றா டாக்டரம்மா... மெதுவா சிஸ்டர், வலிக்குது... இல்ல, வலிக்கலை, சும்மா... பாத்ரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போறா. அவளா போறா. விளக்கு போட்டுட்டா. ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டா. என்னை உக்காரச் சொல்றா... நான் உக்காந்துட்டேன் அதுல. அவ ஸ்டூல்ல.

குழாயைத் திறக்கிறா. அவ சட்டையை இடுப்புக்கு மேல தூக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டா, வேலைக்குத் தோதா... தெரியுது டாக்டரம்மா. முதுகு தெரியுது. இடது பக்கம். ஒரு ரூபா... இல்ல, உள்ளங்கை அளவு இருக்கும்... சிவப்பா, தோல் உரிஞ்சு... நடுவுல ஈரமா இருக்கு... கறுப்பு இல்லை... ஓரத்துல லேசா மஞ்சள்... சோபாவோட கட்டை உரசற இடம்தான், ஆமா... குழி இல்லை. குழியில்லை, மேலாகத்தான்... சரி... சரி... நாளைக்கு இல்லையா? இன்னைக்கேவா... மூணு மணிக்கு... யாரு, நீங்களேவா.

நீங்க வாங்க. வாசக் கதவு திறந்தே இருக்கும்.

ஆ... ஒண்ணுமில்லை, தண்ணி. ஜில்லுன்னு ஊத்திட்டா. கத்தலை, கத்தலை... சரிங்க சிஸ்டர், கண்ணை மூடிக்கறேன்... சோப்பு போகக் கூடாதுன்னு நெத்தியில கையை வச்சு மறைச்சுக்கிட்டு ஊத்தறா டாக்டரம்மா. கையை வச்சு மறைச்சுக்கிட்டு... எனக்கு இது தோணவே இல்லையே... அவளும் நனைஞ்சுட்டா. முழுசா நனைஞ்சுட்டா. அவளே துணி மாத்தத்தான் வேணும் இனிமே... சரி, அவ கேட்டா எடுத்துக் குடுக்கறேன். கேட்டா மட்டும்.

என்ன சிஸ்டர்... போனா? ஆமா சிஸ்டர், போன்தான்... வீட்டுக்குத்தான் பேசறேன். கவலைப்பட்டுட்டிருப்பாங்க, அதான்... சொல்லிட்டேன் சிஸ்டர். நல்ல சிஸ்டர் கிடைச்சிருக்காங்க, நீங்க பயப்படாம இருங்கன்னு சொல்லிட்டேன்... ஈரக்கை சிஸ்டர், நானே வச்சுடறேன்... சரி, சரி, புடிங்க, நீங்களே வை...